கொரிய மொழியும் எனது பட்டியலும்

சென்ற மாதத்தில் ஒரு மாலை வேளை, எங்கள் ஊர்ச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மகள் உயர்தர வகுப்பிலே என்னிடம் தமிழ் கற்றவள். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாள். தேநீர் அருந்தி முடியும் வரை ஊர்ப் புதினம் பேசிக்கொண்டிருந்தவர், கோப்பையைக் கீழே வைத்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"மாஸ்ரர், இவள் கொரியன் படிக்கப் போறாளாம். தமையன் அங்கை பக்டரியிலை நிக்கிறான். அவன் போனது உழைக்க. இவள் போறது அந்த நாட்டுச் சரித்திரமும் இலக்கியமும் படிக்கவாம். அதைப் படிச்சு என்ன செய்யிறது? நீங்கள்தான் ஒரு புத்தி சொல்ல வேணும்."

வெளிநாட்டுத் தொழிலாளரை எடுத்துக்கொள்ளும் கொரிய அரசின் திட்டம் 2004 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அன்று முதல் நம் நாட்டு இளைஞர் பலர் கொரிய மொழிப் பரீட்சை எழுதி அங்கே சென்றுவருகின்றனர் என்பது வாசகர் அறிந்ததே. தமையன் படித்துவிட்டுப் போன பரீட்சைப் புத்தகம் வீட்டிலே கிடந்தது. தங்கை அதை எடுத்து எழுத்துக் கூட்டத் தொடங்கியவள், மூன்று வருடத்தில் கதை வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். நல்ல பிள்ளை, அதிகம் பேசமாட்டாள்.

புத்தி சொல்லும்படி கேட்டால் ஆசிரியனுக்கு முதலில் வருவது பிரசங்கம். எனக்கும் அதுவே வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கிய மன்றத்தில், கொரிய மொழி தமிழின் வழிவந்தது என்று யான் முழங்கிய பேச்சு ஒன்றுண்டு. அதற்கென 32 சொற்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தேன். தந்தையை அவர்களும் அப்பா என்பர், தாயை ஒம்மா என்பர், நான் என்பதற்கு நா, நீ என்பதற்கு நோ, நாளுக்கு நல், புல்லுக்குப் புல், வா என்பதற்கு வா. சபையிலே கரகோஷம் எழுந்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்தப் பட்டியலை மேசை லாச்சியிலிருந்து எடுத்து வாசித்து, "இது அந்நிய மொழி அன்று, பிள்ளை, நம் வீட்டு மொழி" என்று முடித்தேன்.

பிள்ளை சற்று நேரம் நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, "சேர், அப்ப ஒண்டு ரண்டு மூண்டுக்கு ஏன் ஹனா, துல், செத் எண்டு சொல்லினம்?" என்று கேட்டாள்.

எனக்கு மறுமொழி வரவில்லை. பெறாத பிள்ளைக்கும் பெயர் வைக்கலாம்; எண்ணிக்கையில் மட்டும் ஏமாற்ற முடியாது. தகப்பனார் வேறு நாள் முழுவதும் எண்களோடு புழங்குபவர். அவர் என்னைப் பார்த்த பார்வையிலே ஒரு சந்தேகம் தெரிந்தது.

அவள் அதோடு விடவில்லை. ஒரு துண்டுக் காகிதத்திலே கொரிய எழுத்தில் மூன்று சொற்களை எழுதிக் காட்டினாள். ஒன்று தீ, ஒன்று மிருகத்தின் கொம்பு, மற்றது புல். கொரியர் இம்மூன்றையும் வேறு வேறு பகர ஒலியால் தொடங்குவர். ஒன்று மெல்ல வருவது, ஒன்று தொண்டையை இறுக்கி வருவது, ஒன்று மூச்சை வெளியே தள்ளி வருவது. தமிழில் எழுதினால் மூன்றும் "புல்" என்றே அமையும். தீயையும் கொம்பையும் புல்லையும் வேறுபடுத்தத் தெரியாதவனாகவே யான் மேடையேறியிருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து வாருங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அந்த இரண்டு வாரத்திலே தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

✽

முதலாவதாக, அந்த எண்ணம் என்னுடையதுமன்று, புதியதுமன்று. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1886 இல், தம் 23 ஆவது வயதில், கொரிய அரசர் நிறுவிய ஆங்கிலப் பள்ளியிலே ஆசிரியராகச் சேர்ந்தார். கொரிய மொழியை ஊன்றிக் கற்றார். அக்காலத்தில் கொரியாவின் கற்றோர் சீன எழுத்தையே பெரிதென மதித்தனர். 15 ஆம் நூற்றாண்டிலே செஜோங் மன்னர் தம் குடிகளுக்கென வகுத்தளித்த ஹங்குல் எழுத்து, பெண்களுக்கும் பாமரர்க்கும் உரியதென ஒதுக்கப்பட்டிருந்தது. ஹல்பர்ட்டோ அந்த எழுத்திலேயே உலகப் பூமிசாஸ்திர நூல் ஒன்றைப் பாடப் புத்தகமாக எழுதினார். அந்நியர் ஒருவர் வந்து, உங்கள் எழுத்து உயர்ந்தது என்று ஒரு சமூகத்துக்கு எடுத்துச்சொல்ல நேர்ந்த கதை நமக்குப் புதிதன்று.

இந்த ஹல்பர்ட்தான் 1905 இல், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலைச் சியோலிலே வெளியிட்டார். எனது பட்டியலுக்கு மூலபுருஷர் அவரே. அன்றைக்கு அது துணிவான கருத்து. இன்று மொழிநூலார் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. அப்பா, அம்மா போன்றவை குழந்தையின் வாயில் முதலில் எழும் ஒலிகள். ஒன்றோடொன்று உறவில்லாத எத்தனையோ மொழிகளில் அவை உண்டு. ஓரசைச் சொற்களிலே தற்செயலான ஒப்புமை எந்த இரு மொழிக்கிடையிலும் தேடினால் அகப்படும். கொரிய அகராதியில் பாதிக்குமேல் சீனத்திலிருந்து வந்த சொற்கள். அவற்றை முதலில் களைய வேண்டும். எஞ்சும் சொற்களிலும் இன்றைய வடிவத்தை இன்றைய தமிழோடு வைத்துப் பார்த்துப் பயனில்லை. அவற்றின் பழைய வடிவத்தைக் கண்டு, ஒலிக்கு ஒலி ஒழுங்காக மாறிவருகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுள் ஒன்றையும் யான் செய்யவில்லை.

ஆயினும் ஹல்பர்ட்டை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. முடிவு தவறினும் அவர் மொழியைக் கற்றுவிட்டுப் பேசினார். கொரியாவின் சுதந்திரம் பறிபோகும் வேளையிலே அதற்காக 1907 இல் ஹேக் நகர் வரை சென்று வாதாடினார். 1949 இல் முதிர்ந்த வயதில் மீண்டும் கொரியா வந்து, வந்த சில நாட்களிலே காலமாகிச் சியோலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். லண்டனிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தைவிடக் கொரிய மண்ணில் துயில்வதையே விரும்பியவர் என்ற கருத்து அவர் கல்லறையிலே பொறிக்கப்பட்டிருக்கிறது.

உறவு வேறு, ஒப்புமை வேறு. தமிழ் மாணவனுக்குக் கொரியம் சில வகையில் இலகு என்பது உண்மையே. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். வேற்றுமையுருபு பெயருக்குப் பின்னே ஒட்டும். மொழிமுதலிலே ககரமாக ஒலிக்கும் எழுத்து, இரண்டு உயிர்களுக்கிடையே மெலிந்து ஒலிப்பது நம் ககரத்தின் இயல்பே. பெரியோரிடம் பேசும்போது வினைமுற்றே மாறும். முறைப்பெயர் இட்டு அழைப்பதும் உண்டு. ஆனால் பெண்பிள்ளை தமையனை அழைக்கும் சொல் வேறு, ஆண்பிள்ளை தமையனை அழைக்கும் சொல் வேறு. நாம் உயிர், மெய் என்று பகுப்பதை அவர்கள் தாயொலி, சேயொலி என்கின்றனர். மனத்துக்கு இதமான பெயர்கள் அல்லவா? இவை படிப்பதற்கு ஊக்கம் தரலாம். குருதியுறவுக்குச் சாட்சி ஆகா.

இன்னொரு கதையும் நம்மவரிடையே உலாவுகிறது. கி.பி. 48 இல் அயுத்த என்னும் நாட்டு அரசகுமாரி கடல் கடந்து சென்று கொரிய மன்னன் ஒருவனை மணந்தாள் என்பது அது. அயோத்தி என்பாரும் உளர். தமிழ்நாடு என்பாரும் உளர். அக்கதை வரும் "சம்குக் யூசா" என்னும் நூல் 13 ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்தது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதற்கும் நூலுக்கும் இடையே 1,200 ஆண்டுகள் கிடக்கின்றன. கதையாக இரசிப்போம்; கல்வெட்டாகக் கொள்ளவேண்டாம். அதைவிட உறுதியான தொடர்பு ஒன்று உண்டு. ஹைச்சோ என்னும் கொரியத் துறவி 8 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவெங்கும் யாத்திரை செய்து நூல் எழுதிவைத்தார். சீனத்திலே அவருக்குக் குருவாய் அமைந்தவர் வச்சிரபோதி; பல்லவர் காஞ்சியோடு தொடர்புடையவர், இலங்கையிலும் தங்கி, கடல்வழியே சீனம் சென்றவர். ஹைச்சோவின் நூல் மறைந்து போயிருந்தது. அதன் ஒரு பகுதியை 1908 இல் சீனத்துத் துன்ஹுவாங் குகையிலே பெல்லியோ என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டெடுத்தார். இன்று அது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இதைப் பற்றி மன்றங்களில் யாரும் பேசக் கேட்டிலேன், யானும் பேசவில்லை.

✽

அந்தப் பாரிஸ் நூலகத்தின் பெயர் வந்தபடியால், அங்கே பணியாற்றிய ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பார்க் பியோங்-சன் என்பது அவர் பெயர். 1955 இல் படிப்பதற்காகப் பிரான்ஸ் சென்றவர், 1967 இல் அந்த நூலகத்தில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே "ஜிக்ஜி" என்று சுருக்கமாக வழங்கும் பௌத்த நூலின் இரண்டாம் பாகம் இருந்தது. முதற் பாகம் எங்கும் கிடைக்கவில்லை. கொரியாவில் இருந்த பிரெஞ்சு இராஜதந்திரி ஒருவர் சேகரித்த பழம்புத்தகங்களுள் அதுவும் ஒன்று. மொறிஸ் கூரான் என்ற பிரெஞ்சு அறிஞர் கொரிய நூல்கள் அனைத்துக்கும் ஒரு பெரும் அட்டவணை தயாரித்தபோது, 1901 இல் வந்த பின்னிணைப்பிலே அதற்கும் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். பிறகு எழுபது ஆண்டு வரை உலகம் அதைக் கவனிக்கவில்லை.

நூலின் இறுதி ஏட்டிலே, 1377 இல் வார்ப்பெழுத்தினால் அச்சிடப்பட்டதென்ற குறிப்பு இருந்தது. ஐரோப்பாவில் குட்டன்பேர்க் விவிலிய நூலை அச்சிட்டது 1455 ஆம் ஆண்டளவில். ஆயினும் ஒரு குறிப்பை மட்டும் காட்டினால் அறிஞர் நம்புவரோ? பார்க் அம்மையார் அச்சுக்கலையின் வரலாற்றைப் படித்தார். தாமே எழுத்துகளைச் செய்து அச்சிட்டுப் பார்த்தார். மர அச்சின் தடம் எப்படியிருக்கும், உலோக அச்சின் தடம் எப்படியிருக்கும் என்று ஒப்பிட்டார். 1972 இல் பாரிஸில் நடந்த புத்தகக் கண்காட்சியிலே, இன்று எஞ்சியுள்ள உலோக அச்சு நூல்களில் மிகப் பழையது இதுவே என்று அது வைக்கப்பட்டது. 2001 இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்த்துக்கொண்டது.

அவர் அத்துடன் ஓயவில்லை. 1866 இல் பிரெஞ்சுக் கடற்படையினர் கொரியத் தீவொன்றிலிருந்த அரச நூலகத்திலிருந்து எடுத்துச்சென்ற ஏடுகளைத் தேடினார். அரச குடும்பத்துத் திருமணம், ஈமக்கிரியை முதலிய சடங்குகளைப் படங்களோடு பதிந்துவைத்த ஏடுகள் அவை. சீன எழுத்தில் இருந்தமையால் சீன நூல்கள் என்று வகுக்கப்பட்டு ஒரு களஞ்சியத்திலே கிடந்தவற்றை 1975 இல் கண்டுபிடித்தார். அந்த 297 தொகுதிகளும் 2011 இல் கொரியாவுக்குத் திரும்பிவந்தன. அதுவும் சொந்தமாக அன்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் இரவலாக. அதே ஆண்டில் அம்மையார் பாரிஸிலே காலமானார்.

ஒரு புத்தகத்தைத் தவறான பெயரோடு அலுமாரியில் வைத்தால் அது தொலைந்ததற்குச் சமம். அதைச் சரியான பெயர் சொல்லி எடுத்துக்கொடுக்க ஒருவருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். கொரியவியல் என்று இன்று பெரிதாகச் சொல்லப்படுவதன் அடித்தளம் இவ்வளவே என்று எனக்குத் தோன்றுகிறது.

✽

அந்த மொழியை அறிவதற்கு அகராதி வேண்டும். கொரிய அகராதியின் கதையைத்தான் யான் மறக்கமாட்டேன்.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. கொரிய மொழி அறிஞர் 1929 இல் ஒன்றுகூடித் தம் மொழிக்குப் பேரகராதி ஒன்றை ஆக்கத் தொடங்கினர். அதற்கு முன் எழுத்துக்கூட்டலுக்கு ஒரு முறை வகுக்க வேண்டியிருந்தது. எந்த வட்டார வழக்கைப் பொதுவழக்காகக் கொள்வது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளிகளில் கொரியம் ஒடுக்கப்பட்டது. 1942 இல், ஒரு பாடசாலை மாணவியின் நாட்குறிப்பைப் பிடித்துக்கொண்டு பொலிஸார் தொடங்கிய விசாரணை, அகராதி ஆக்கியோர் வரை வந்தது. கொரிய மொழிக் கழகத்தைச் சேர்ந்தோரும் ஆதரவாளருமாக 33 பேர் சிக்கினர். இருவர் சிறையிலே மாண்டனர். கையெழுத்துப் பிரதிகள் சாட்சிப் பொருள்களாகப் பறிமுதல் செய்யப்பட்டன.

யுத்தம் முடிந்து நாடு விடுதலை பெற்றதும், சிறை மீண்டோர் முதலில் தேடியது அந்தக் கட்டுகளை. 1945 செப்டெம்பரில் சியோல் புகையிரத நிலையத்துப் பண்டகசாலை ஒன்றிலே அவை அகப்பட்டன. 1947 இல் முதற் பாகம் வந்தது. நடுவே 1950 இல் கொரிய யுத்தம். ஆறாவது பாகம், அதாவது இறுதிப் பாகம், வெளிவந்தது 1957 இல். அச்சிடக் கடதாசி இல்லாத குறையை அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனம் தீர்த்துவைத்தது. தொடக்கத்திலிருந்து எண்ணினால் 28 ஆண்டுகள். நம்மவர் மானிப்பாய் அகராதியையும், கதிரைவேற்பிள்ளை அகராதியையும் நினைத்துப் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது, நியாயந்தான்.

இத்தனைக்கும் பின்னரே வெளிநாட்டு மாணவன் ஒருவன் மேசையிலே புத்தகத்தை விரித்துக் கொரியம் படிப்பது சாத்தியமாயிற்று. ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் சர்வகலாசாலையில் 1897 இலேயே கொரியம் கற்பிக்கத் தொடங்கியிருந்தனர் என்பது உண்மை. பாதிரிமாரும் தம் தேவைக்கெனச் சிற்றகராதிகள் செய்திருந்தனர். ஆனால் தொடர்ச்சியான கல்வி யுத்தத்துக்குப் பின் வந்தது. ஹார்வார்ட் சர்வகலாசாலையிலே 1958 முதல் கற்பித்த எட்வர்ட் வாக்னர், பழைய கொரிய அரசுப் பரீட்சையிலே ஐந்நூறு ஆண்டுகளில் தேறியவர்கள் 14,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்ப் பதிவுகளைக் கொரிய அறிஞர் ஒருவரோடு சேர்ந்து பல்லாண்டாகத் திரட்டினார். பெயர்ப் பட்டியல்தானே என்று நாம் நினைக்கலாம். எந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் அதிகாரத்தில் இருந்தன என்பது அதனால் வெளிப்பட்டது. அவருடைய பட்டியலையும் எனது பட்டியலையும் மனத்துள் அருகருகே வைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் விவரிக்க விருப்பமில்லை.

1966 முதல் 1981 வரை பீஸ் கோர் என்னும் அமெரிக்கத் தொண்டர் அமைப்பிலிருந்து இளைஞர் பலர் கொரியக் கிராமங்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கவும் சுகாதாரப் பணி செய்யவும் சென்றனர். கற்பிக்கப் போனவர்கள் கற்றுத் திரும்பினர். பிற்காலத்தில் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் புரூஸ் கமிங்ஸ், கொரியக் கவிதையை மொழிபெயர்த்த டேவிட் மக்கன் ஆகியோர் அவ்வாறு சென்று வந்தவர்கள். உழைக்கப் போன ஊரின் மொழி ஒருவனை மாணவனாக்குவது அப்படியொன்றும் புதுமையன்று. கடைக்காரரின் மகன் நினைவுக்கு வந்தான்.

பிறகு கொரிய அரசே முன்வந்தது. நிறுவனங்களின் பெயர்களை அடுக்கி வாசகரைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை. 1978 இல் கொரியவியலுக்கெனத் தனி ஆய்வுக் கழகம் ஒன்று அமைத்தனர். வெளிநாட்டு மாணவரும் அங்கே மேற்படிப்புப் படிக்கலாம். 1991 இல் கொரியா பவுண்டேஷன் என்னும் நிறுவனத்தை நிறுவி, பிறநாட்டுச் சர்வகலாசாலைகளிலே கொரியப் பேராசிரியர் பதவிகளுக்குப் பொருளுதவி செய்தனர். 1997 இல் மொழித் தேர்ச்சிப் பரீட்சை ஒன்றைத் தொடங்கினர். இலக்கிய மொழிபெயர்ப்புக்கும் ஒரு நிறுவனம் உண்டு. செஜோங் மன்னரின் பெயரால் மொழிப் பள்ளிகள் உலகெங்கும் இன்று 200க்கு மேல் இயங்குகின்றன. நம் நாட்டிலே களனிப் பல்கலைக்கழகத்தில் கொரியம் கற்பிக்கின்றனர்.

இதிலே ஓர் ஆபத்தும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அரசு பணம் கொடுத்து வளர்க்கும் கல்வி விளம்பரமாக மாறுவது எளிது. பாட்டும் நாடகமும் பார்த்து வரும் பிள்ளைகளுக்குப் பாட்டையும் நாடகத்தையுமே பாடமாகக் கொடுத்து அனுப்பிவிடலாம். கொரியா இன்றும் இரண்டு நாடுகளாய்ப் பிரிந்து கிடக்கிறது; வடபாதியைப் பற்றிப் படிப்பவர் தொகை குறைவு. கல்விக்காகப் பணம் கொடுப்போர் கசப்பான வரலாற்றையும் எழுத விடுகிறார்களா என்று பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். பாட்டுக் கேட்டு வருவதை மட்டும் யான் குறை சொல்லமாட்டேன். தேவாரம் படிக்க வந்த பிள்ளைகளிலும் பண்ணிசையின் இனிமைக்காக வந்தோரே அதிகம். வாயில் எதுவானால் என்ன, உள்ளே வந்தபின் அகராதியைத் திறக்கிறார்களா என்பதே கேள்வி.

டெபோரா சிமித் என்ற ஆங்கிலப் பெண் 2010 இலேதான் கொரியம் படிக்கத் தொடங்கினார். அவர் மொழிபெயர்த்த ஹான் காங்கின் நாவல் 2016 இல் புக்கர் சர்வதேசப் பரிசை வென்றது. பரிசு ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சமமாய்ப் பகிரப்பட்டது. 2024 இல் ஹான் காங்குக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த மொழிபெயர்ப்பிலே பிழைகள் உண்டென்று கொரியம் அறிந்தோர் எடுத்துக்காட்டினர். பாதத்தைக் குறிக்கும் சொல்லைக் கையைக் குறிக்கும் சொல்லாகக் கொண்டது அவற்றுள் ஒன்று. இரண்டையும் தமிழில் எழுதினால் "பல்" என்றே வரும்; முன் சொன்ன தீயும் புல்லும் போல. அந்த நாவல் தமிழிலும் வந்திருக்கிறது. கொரியக் கதைகள் நம்மிடம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வருகின்றன. அங்கே கை மாறினால் இங்கே கால் மாறும்.

✽

இரண்டு வாரம் கழித்துத் தகப்பனாரும் மகளும் வந்தனர். முதலில் யான் பிள்ளையிடம், அன்று வாசித்த பட்டியல் பிழை என்று ஒப்புக்கொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் அதைச் சொல்வது சற்றுக் கடினமாகவே இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

தகப்பனாருக்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன். கொரிய அரசின் புலமைப்பரிசில் கிடைத்தால் முதல் ஓராண்டு மொழிப் பயிற்சி. அதிலே குறித்த தேர்ச்சி பெற்றபின் பட்டப்படிப்பு. கிடைப்பது நிச்சயமன்று. படித்து முடித்தாலும் வைத்தியர், பொறியியலாளர் போல வாசலிலே வேலை காத்திருக்காது. ஆசிரியத் தொழில், மொழிபெயர்ப்பு, தூதரகம், கம்பனிகள் என்று தேடிக்கொள்ள வேண்டும். அங்கே உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு விபத்தோ சம்பள வழக்கோ நேரும்போது, தமிழும் சிங்களமும் கொரியமும் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் எவ்வளவு உதவி என்று அவருக்கே தெரியும். அவர் மகன் ஒருமுறை கை நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வைத்தியர் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் தவித்தானாம்; அதை அவரே சொன்னார்.

அகராதியின் கதையையும் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஒரு புத்தகம் செய்ய இருபத்தெட்டு வருஷமோ மாஸ்ரர்? அதுக்குள்ளை மறியலும் இருந்தவையோ?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்ப அது லேசான படிப்பில்லை" என்றார்.

தனிநாயகம் அடிகளாரையும் இடையிலே குறிப்பிட்டேன். நெடுந்தீவு, ஊர்காவற்றுறைப் பகுதிகளோடு வேரோடிய அந்தத் தமிழர், கொரியருக்கிருந்த அரசு நிதியும் ஆதரவும் இல்லாமலே 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவிக்க முன்னின்றார். ஹார்வார்ட்டில் தமிழுக்கு ஓர் இருக்கை அமைக்க 60 இலட்சம் டொலரை நம்மவர் வீடு வீடாய்த் திரட்டி 2018 இல் முடித்தனர். நம் மொழியை மற்றையோர் படிக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அவர்கள் மொழியைப் படிக்க நம்மிலும் ஒருவர் புறப்பட்டால் அதைத் தடுப்பது முறையோ என்றேன். இது கொஞ்சம் மேடைப் பேச்சுத்தான். பழக்கதோஷம்.

புறப்படும்போது பிள்ளை அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஒரு கிழமையில் திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் பென்சிலால் குறிப்பு இருந்தது. சில குழந்தைச் சொற்கள். சில சீனத்திலிருந்து வந்தவை. சிலவற்றை யான் பிழையாகக் கேட்டு எழுதியிருந்தேன். இரண்டு சொற்கள் கொரியத்திலேயே இல்லை. ஐந்துக்கு மட்டும் கேள்விக்குறி இட்டிருந்தாள். அவற்றின் பழைய வடிவம் தன்னிடமுள்ள புத்தகங்களில் இல்லை, அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

தகப்பனார் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. நேற்றுச் சீனி வாங்கக் கடைக்குப் போனேன். கணக்கெழுதும் கொப்பியைத் திருப்பி மேசையில் வைத்திருந்தார். அதன் பின்னட்டையிலே, ஹனா, துல், செத், நெத் என்று தமிழெழுத்தில் பத்து வரை எழுதியிருந்தது. எழுத்து அவருடையது.